சாம் ஃபார்ஹா சரியாகத்தான் கணித்தார்: 2003 உலகப் போக்கர் இறுதியில் ஓர் ஆட்டம்

போக்கரில் மனதைக் கட்டுக்குள் வைப்பது பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கோபக்காரர்களைத்தான் உதாரணம் காட்டுவார்கள். தோற்றதும் மேசையைக் குத்துகிறவர், சீட்டுப் போட்ட டீலரை முறைக்கிறவர், விட்டதைப் பிடித்தே தீருவேன் என்று அடுத்த ஆட்டத்திலேயே கையில் உள்ள அத்தனை சிப்பையும் (பந்தயம் கட்டும் வில்லைகளை) தள்ளுகிறவர். டில்ட் ஆகிவிட்டார் என்று சொல்வது இவர்களைத்தான். இந்த வகை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதனால் திருத்துவதும் ஓரளவு சுலபம். பக்கத்தில் இருக்கும் நண்பரே எழுந்து போகச் சொல்லிவிடுவார்.

கண்ணுக்குத் தெரியாத வகை ஒன்று இருக்கிறது. அதில் சத்தம் கிடையாது, கோபம் கிடையாது. ஆள் நிதானமாக உட்கார்ந்திருப்பார், சிரித்துக்கூடப் பேசுவார். ஆனால் அவர் மனம் மேசையில் கிடக்கும் சீட்டை விட்டுவிட்டு அடுத்த ஒரு மணி நேரத்துக்குப் போயிருக்கும். இதற்கு நான் பார்த்தவரை மிகத் தெளிவான சாட்சி, 2003 மே மாதம் லாஸ் வேகாஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் நடந்த ஒரே ஓர் ஆட்டம். போக்கர் பார்க்கிறவர்கள் அதைப் பலமுறை பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் ஜெயித்தவரின் துணிச்சலைத்தான் பேசுவார்கள். நான் தோற்றவரின் பக்கம்தான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

போட்டியின் பெயர் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர். அதன் முதன்மைப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். அந்த ஆண்டு 839 பேர் கலந்துகொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் 10,000 சிப், ஆக மொத்தம் 83.9 லட்சம் சிப் ஒருவர் கையில் சேரும்வரை ஆட்டம் ஓயாது. முதல் பரிசு 25 லட்சம் டாலர், இரண்டாம் பரிசு 13 லட்சம் டாலர்.

கடைசி இருவரில் ஒருவர் சாம் ஃபார்ஹா. லெபனானின் பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்து, பெரிய தொகைக்கு ஆடியே வாழ்ந்தவர். 1996இல் இதே தொடரில் ஒரு போட்டியை ஜெயித்திருந்தார். பற்றவைக்காத சிகரெட் வாயோரம் தொங்கிக்கொண்டே இருக்கும். எதிரில் இருப்பவரோடு பேசிப் பேசியே அவர் கையில் என்ன இருக்கிறது என்று முகத்திலிருந்து எடுத்துவிடுகிற ரகம்.

இன்னொருவர் கிறிஸ் மணிமேக்கர். வயது 27, டென்னசி மாநிலத்தில் கணக்காளர். மணிமேக்கர் என்பது அவருடைய உண்மையான குடும்பப் பெயர். போக்கர்ஸ்டார்ஸ் இணையதளத்தில் 86 டாலர் கட்டி ஒரு தகுதிச் சுற்றில் நுழைந்தார். அதில் ஜெயித்து அடுத்த தகுதிச் சுற்று, அதிலும் ஜெயித்து லாஸ் வேகாஸில் ஓர் இடம். இவ்வளவு பெரிய நேரடிப் போட்டி ஒன்றில் அவர் அதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, அதிகம் பேச்சு இல்லை. 1987, 1988 இரண்டு ஆண்டும் தொடர்ந்து பட்டம் வென்ற ஜானி சானை வழியில் வெளியேற்றியிருந்தார். 1995இன் சாம்பியன் டான் ஹாரிங்டன் மூன்றாம் இடத்தோடு போய்விட்டார். மிஞ்சியது இந்த இரண்டு பேர்.

இருவர் மட்டும் ஆடத் தொடங்கும் முன்பு, பரிசுத் தொகையைச் சமமாகப் பிரித்துக்கொள்ளலாமா என்று மணிமேக்கர் கேட்டிருக்கிறார். ஃபார்ஹா ஒப்புக்கொள்ளவில்லை. மணிமேக்கரே பிற்பாடு பல பேட்டிகளில் சொன்ன விஷயம் இது. ஃபார்ஹா நினைத்ததில் தப்பே கிடையாது. இருவரும் பொறுமையாக நூறு சின்னச் சின்ன ஆட்டம் ஆடினால் அதில் மேலே வருபவர் ஃபார்ஹாதான். அனுபவம், வாசிக்கும் திறன், தைரியம் எல்லாம் அவர் பக்கம். இந்த நினைப்பை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அவர் விலை கொடுக்கப்போவது இதற்குத்தான் என்பது என் கணிப்பு.

டெக்சாஸ் ஹோல்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஆளுக்கு இரண்டு சீட்டு, யாருக்கும் காட்டாமல். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறக்கப்படும்: முதலில் மூன்று, அது ஃப்ளாப், அப்புறம் ஒன்று, டர்ன், கடைசியாக ஒன்று, ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், கூட்டலாம், மடித்துப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். உங்கள் இரண்டும் பொதுவான ஐந்தும் சேர்ந்த ஏழில் சிறந்த ஐந்து உங்கள் பலம்.

மணிமேக்கருக்கு வந்தது இஸ்பேடு ராஜாவும் ஆட்டின் ஏழும். 1,00,000 என்று கூட்டினார். ஃபார்ஹா கையில் இஸ்பேடு ராணி, ஆட்டின் ஒன்பது. கூடவே போட்டார்.

ஃப்ளாப்: இஸ்பேடு ஒன்பது, டைமன் இரண்டு, இஸ்பேடு ஆறு. ஃபார்ஹாவுக்கு ஒன்பதில் ஜோடி சேர்ந்துவிட்டது, மேசையில் கிடப்பதில் அதுதான் பெரிய ஜோடி. மணிமேக்கருக்கு எதுவும் இல்லை. இருவரும் பந்தயம் கட்டாமல் தட்டிவிட்டார்கள்.

டர்ன்: இஸ்பேடு எட்டு. இங்கேதான் ஆட்டம் சூடு பிடிக்கிறது. ஃபார்ஹா 3,00,000 கட்டினார். மணிமேக்கர் அதை 8,00,000 ஆக்கினார். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் பலர் இதை முரட்டுத்தனம் என்று நினைத்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. மணிமேக்கரிடம் நான்கு இஸ்பேடு இருக்கிறது, இன்னொன்று வந்தால் ஃப்ளஷ். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று வரிசையும் இருக்கிறது, ஐந்தோ பத்தோ வந்தால் ஸ்ட்ரெய்ட். ராஜா வந்தாலும் ஃபார்ஹாவின் ஒன்பதை மிஞ்சும் ஜோடி. இருவர் கையையும் பார்க்க முடிகிற நமக்கு, கண்ணில் படாத சீட்டு 44. அதில் மிச்சமிருக்கும் இஸ்பேடு எட்டு, இஸ்பேடு அல்லாத ஐந்தும் பத்தும் ஆறு, ராஜா மூன்று: மொத்தம் 17. அதாவது ஏறக்குறைய 39 சதவீதம் அவர் ஜெயிக்க வாய்ப்பு இருக்கும்போது கூட்டுகிறார். எதிராளி பயந்து ஒதுங்கினால் அப்போதே லாபம், ஒதுங்காவிட்டாலும் கதை முடிந்துவிடாது.

ஃபார்ஹா ஒதுங்கவில்லை. அவருக்கு ஜோடியும் இருக்கிறது, கையில் இஸ்பேடு ராணி இருப்பதால் அவருக்கும் ஒரு ஃப்ளஷ் வாய்ப்பு இருக்கிறது. கூடவே போட்டார். நடுவில் சேர்ந்தது 18 லட்சத்துக்கு மேல்.

ரிவர்: ஆட்டின் மூன்று. யாருக்கும் எதுவும் சேரவில்லை. மணிமேக்கர் கையில் ராஜா உயர்வு, அவ்வளவுதான். ஃபார்ஹாவின் ஒன்பது ஜோடி அவரை விட்டு எங்கோ மேலே நிற்கிறது. ஃபார்ஹா தட்டிவிட்டார். மணிமேக்கர் ஆல்-இன், அதாவது கையில் மிச்சமிருந்த அத்தனை சிப்பும் உள்ளே.

அடுத்து நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஃபார்ஹா உடனே மடிக்கவில்லை. மணிமேக்கரை ஏற இறங்கப் பார்த்தார். "ஃப்ளஷ் தவறிப்போயிருக்கும், இல்லையா?" என்கிற அர்த்தத்தில் ஒன்று சொன்னார். அது அப்படியே உண்மை. கிறுக்குத்தனமாக நான் இதற்குக் கால் பண்ணிவிடலாம் (அதாவது, சமமாகப் போட்டுப் பார்த்துவிடலாம்), என் கைதான் பெரியதாக இருந்தாலும் இருக்கலாம் என்றும் சொன்னார். அதுவும் உண்மை. மறுபக்கம் மணிமேக்கர் கையை வாயருகே வைத்துக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் இருந்தார். ஒரு பதிலும் வரவில்லை. ஃபார்ஹா இன்னும் கொஞ்சம் யோசித்தார். அப்புறம் ஒன்பது ஜோடியை மடித்துப் போட்டார்.

சீட்டுகளைக் கேமரா வழியாகப் பார்த்துப் பேசிய வர்ணனையாளர் நார்மன் சாட், நூற்றாண்டு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றாலும் இதுதான் இந்த நூற்றாண்டின் ப்ளஃப் (கையில் ஒன்றுமில்லாமல் இருப்பதுபோல் காட்டி மிரட்டுவது) என்கிற மாதிரி சொன்னது பிரபலமாகிவிட்டது. அன்றைக்கு ஃபார்ஹா கால் பண்ணியிருந்தால் போட்டியின் பெரும்பகுதிச் சிப் அவர் முன்னால் குவிந்திருக்கும்.

சரி, மணிமேக்கர் பக்கத்தை முதலில் முடித்துவிடலாம். அவர் அந்த நேரத்தில் அமைதியாக இருந்தார் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 27 வயதுக் கணக்காளர் ஒருவர், கையில் ஒன்றுமே இல்லாமல் பன்னிரண்டு லட்சம் டாலர் வித்தியாசத்தைப் பணயம் வைத்துவிட்டு அமைதியாக இருக்க மாட்டார். இதயம் அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். அவர் செய்தது, படபடப்பு வெளியே வரும் வழிகளை அடைத்தது. கண்ணுக்குக் கண்ணாடி. வாய்க்குக் கை. உடம்பு ஒரே நிலையில். ஃபார்ஹா பேச்சுக் கொடுத்தபோது பேச்சே இல்லை. பதில் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். எதிரில் இருப்பவர் நம் கையில் இருப்பதை அப்படியே சொல்லும்போது, ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும், சிரிக்க வேண்டும், தலையாவது ஆட்ட வேண்டும் என்று உடம்பே துடிக்கும். அந்தத் துடிப்பை அப்படியே இருக்க விட்டுவிட்டு, எதையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். உணர்ச்சியை அழித்துவிட வேண்டும் என்று போராடுகிறவர்கள் அந்தப் போராட்டத்திலேயே அசைந்துவிடுவார்கள். பயம் இருக்கட்டும், நான் அசைய வேண்டியதில்லை என்று ஒத்துக்கொண்டவருக்கு வேலை பாதிதான்.

அவருக்கு இன்னொரு சௌகரியமும் இருந்தது. ஆல்-இன் என்று சொன்னதோடு அவருடைய முடிவெடுக்கும் வேலை முடிந்தது. இனி யோசிக்க ஒன்றுமில்லை, காத்திருக்க மட்டுமே வேண்டும். ஃபார்ஹாவின் நிலைமை நேர் எதிர். எல்லா யோசனையும் அவர் தலையில்.

இனி ஃபார்ஹா. அவர் பயந்துவிட்டார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் பெரிய தொகைக்குப் பல ஆண்டுகள் ஆடிய ஒருவரைப் பற்றி அப்படிச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அவர் முகத்தில் பயத்தின் அடையாளமும் இல்லை. உற்சாகமாகத்தான் இருந்தார். என் வாசிப்பு இதுதான்: அவர் முன்னால் இரண்டு கேள்விகள் நின்றன. ஒன்று, இந்த ஆளிடம் இப்போது என்ன இருக்கிறது? இன்னொன்று, இந்த ஆளை எப்படி ஜெயிக்கப் போகிறேன்? முதல் கேள்விக்கு அவர் வாயாலேயே சரியான பதில் வந்துவிட்டது. ஆனால் முடிவை எடுத்தது இரண்டாவது கேள்வி. நான்தான் இவனைவிட நல்ல ஆட்டக்காரன். பொறுமையாக ஆடினால் எப்படியும் ஜெயிப்பேன். அப்படியிருக்க, ஒற்றை ஜோடியை நம்பி ஏன் இப்போதே எல்லாவற்றையும் வைக்க வேண்டும்?

கேட்பதற்கு இது விவேகம் போலவே இருக்கிறது. அதனால்தான் ஆபத்து. கோபம் வந்தால் நமக்கே தெரியும். தன்னம்பிக்கை வந்தால் தெரியாது. அது யோசனை போலவே வேடம் போட்டு வரும். சமமாகப் பிரிப்பதை மறுத்தபோது அவருக்குத் துணை நின்ற அதே நினைப்பு, இங்கே அவரை மேசையிலிருந்து எழுப்பி, இன்னும் நடக்காத ஓர் ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அங்கே அவர் நிச்சயம் ஜெயிக்கிறார். இங்கே, இந்த 18 லட்சம் சிப் கிடக்கிற மேசையில், ஜெயித்துக்கொண்டிருந்த கையை மடித்துப் போட்டார்.

இதில் இழப்பின் பயமும் கலந்திருக்கலாம். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட ஆய்விலிருந்து நமக்குத் தெரிந்தது: ஒரே அளவு லாபமும் நஷ்டமும் மனதில் ஒரே எடை போடுவதில்லை, நஷ்டம் கூடுதலாகவே அழுத்தும். ஃபார்ஹா கால் பண்ணித் தோற்றால் போட்டி ஏறக்குறைய அங்கேயே முடியும். மடித்துப் போட்டால் வலி இல்லை, ஆட்டம் தொடரும். மணிமேக்கருக்கோ இந்தத் தராசே வேறு. 86 டாலரில் வந்தவருக்கு இரண்டாம் இடமே 13 லட்சம் டாலர். இழப்பதற்கு அவரிடம் ஃபார்ஹாவிடம் இருந்த மாதிரியான பெயர் எதுவும் இல்லை.

நியாயமான ஒரு மறுப்பையும் சொல்லியாக வேண்டும். ஃபார்ஹாவுக்கு நமக்குத் தெரிந்தது தெரியாது. மேசையில் மூன்று இஸ்பேடு கிடக்கிறது. டர்னில் கூட்டி, ரிவரில் ஆல்-இன் என்று ஒருவர் வந்தால், அவர் ஏற்கெனவே ஃப்ளஷ் சேர்த்துவிட்டார், அல்லது இரண்டு ஜோடியோ ஸ்ட்ரெய்ட்டோ வைத்திருக்கிறார் என்று நினைப்பது இயல்பு. பெரிய போட்டியில் அனுபவம் இல்லாத புதியவர்கள் இப்படிப்பட்ட இடத்தில் ஒன்றுமில்லாமல் தள்ளுவது அபூர்வம் என்பதும் அந்தக் காலத்து ஆட்டக்காரர்களின் பொது அனுபவம். ஒற்றை ஜோடியை அங்கே மடிப்பது தப்பே இல்லை என்று வாதாடுகிறவர்கள் உண்டு. வெறும் சீட்டை வைத்துப் பார்த்தால் நானும் அவர்களோடு பாதி வழி வருவேன்.

ஆனால் ஃபார்ஹா வெறும் சீட்டை வைத்து ஆடுகிறவர் கிடையாது. ஆளைப் படித்து ஆடுவதுதான் அவர் பிழைப்பு. அப்படிப் படித்துக் கிடைத்த விடையை, சரியாகத் தேவைப்பட்ட ஒரே நேரத்தில் அவர் பயன்படுத்தவில்லை. அவருக்கு ஒரு சாட்சியும் கூடுதலாக இருந்தது: இஸ்பேடு ராணி அவர் கையிலேயே இருந்தது. அதனால் எதிராளிக்கு இரண்டு இஸ்பேடு அமைந்திருக்கும் வழிகள் அந்த அளவுக்குக் குறைவு. இப்படி மேசையில் கிடந்த செய்திகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தபோது, மனம் மறுபக்கம் போனதுதான் இந்த நிகழ்வை ஆராயத் தகுந்ததாக்குகிறது.

இதோடு வைத்துப் பார்க்க, அதே போட்டியில் நடந்த இன்னோர் ஆட்டம் இருக்கிறது. கடைசி மேசைக்கு ஒன்பது பேர் தேர்வாக வேண்டும். பத்துப் பேர் மிச்சம். ஃபில் ஐவி என்ற ஆட்டக்காரருக்கு ஒன்பது ஜோடி, மணிமேக்கருக்கு ஏஸும் ராணியும். ஃப்ளாப்பில் இரண்டு ராணியும் ஓர் ஆறும். டர்னில் ஒன்பது. ஐவிக்கு ஃபுல் ஹவுஸ், அதாவது ஒரே எண்ணில் மூன்றும் இன்னொன்றில் ஜோடியும். எல்லாம் உள்ளே போய்விட்டது. மணிமேக்கருக்கு மிச்சமிருந்த 44 சீட்டில் மூன்று ஏஸ், ஒரு ராணி, மூன்று ஆறு, ஆக ஏழுதான் வழி, 16 சதவீதம். ரிவரில் ஏஸ் விழுந்தது. ஐவி பத்தாம் இடத்தோடு வெளியேறினார்.

ஐவி அங்கே செய்ததில் திருத்த வேண்டியது எதுவுமே இல்லை. 84 சதவீதம் தன் பக்கம் இருக்கும்போது எல்லாவற்றையும் வைத்தார், சீட்டு மாறி விழுந்தது. ஃபார்ஹாவின் இழப்பைவிட இந்த இழப்பு கண்ணுக்குக் கொடூரமானது. பார்க்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வது இதற்குத்தான். ஆனால் மனதைப் பயிற்றுவிக்க நினைக்கிற ஒருவர் நேரம் செலவழிக்க வேண்டியது ஃபார்ஹாவின் ஆட்டத்தில். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு "அதிர்ஷ்டமில்லை" என்று மூடிவிட்டால், தன் கையில் இருந்ததும் இல்லாததும் கலந்துபோகும். ஆட்டம் முடிந்து இரவு படுக்கும்போது எது வலிக்கிறது என்பதைக் கேட்பதைவிட, எந்த இடத்தில் எனக்குத் தெரிந்ததை நான் செய்யவில்லை என்று கேட்பது பயனுள்ளது.

நடைமுறையில் இதை எப்படிச் செய்வது? நான் உறுதியாக நம்புகிற முறை ஒன்றுதான். பெரிய பந்தயம் ஒன்று எதிரில் வந்து நின்றால், முதலில் "இவரிடம் என்ன இருக்கிறது" என்பதற்கு மனதுக்குள் ஒரு முழு வாக்கியமாகப் பதில் சொல்லிவிட வேண்டும். சொல்லிய பிறகு, அந்தப் பதிலை மாற்றுவதற்கு மேசையிலிருந்தே ஒரு காரணம் காட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும்: ஒரு சீட்டு, ஒரு பந்தயத் தொகை, எதிராளியின் ஓர் அசைவு. மேசையில் காரணம் இல்லாமல், "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்", "இவ்வளவு தூரம் வந்துவிட்டு", "போன ஆட்டத்தில் இவர்தானே" என்று ஏதாவது வந்தால் அவை எல்லாம் வேறு நேரத்திலிருந்து வருகின்றன. முதல் இரண்டு எதிர்காலம், கடைசி கடந்தகாலம். அவற்றை அடக்க வேண்டியதில்லை, வாக்குச் சீட்டு மட்டும் கொடுக்கக் கூடாது.

மூச்சு, தரையில் பதிந்த பாதம், விரலில் சிப்பின் விளிம்பு என்று கவனத்தை உடம்புக்குக் கொண்டுவரும் பயிற்சிகளைப் பல தொழில்முறை ஆட்டக்காரர்கள் செய்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அது கதவைத் திறந்துவைக்கும், உள்ளே போய்ச் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாது. ஃபார்ஹா அன்று தளர்வாகத்தான் இருந்தார். மூச்சுப் பயிற்சி அவரைக் காப்பாற்றியிருக்காது.

நேரமும் முக்கியம். நேரடி மேசையில் அப்போது யாரும் ஃபார்ஹாவை அவசரப்படுத்தவில்லை. வழக்கமாக யாராவது "நேரம்" கேட்டால்தான் முடிவெடுக்க வேண்டிய கெடு தொடங்கும். இணையத்தில் இந்த வசதி கிடையாது. சில நொடிகளில் பொத்தானை அழுத்த வேண்டும், ஒரே நேரத்தில் நான்கு மேசை திறந்திருக்கும், ஒரு தோல்விக்கும் அடுத்த சீட்டுக்கும் நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட இடைவெளி இல்லை. நடுராத்திரியில் தூக்கம் கண்ணைக் கட்ட, விட்டதைப் பிடிக்க உட்கார்ந்திருப்பவரிடம் போய் மனதை இங்கே வை என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

தமிழ்நாட்டில் இதற்கு விலை கொடுத்த குடும்பங்கள் இருக்கின்றன. அதனால்தான் 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு, அவசரச் சட்டம், அப்புறம் சட்டம் என்று வந்தது. திறமை ஆட்டங்கள் என்பதால் ரம்மியையும் போக்கரையும் முழுதாகத் தடைசெய்ய முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது. பிறகு வந்த மாநில விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டத்துக்கு இடமில்லை என்றன; 2025 ஜூனில் அதே நீதிமன்றம் அந்த விதிகளை ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒன்றிய அரசின் சட்டம் இணையப் பண விளையாட்டுகளையே தடைசெய்துவிட்டது. சட்ட விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஐந்து மணி நேரத் தடையில் ஒரு சரியான புரிதல் இருந்தது: மன உறுதி என்பது எல்லா நேரத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை, அதை நம்பி ஒருவரைத் தனியாக விட்டுவிடக் கூடாத நேரங்கள் உண்டு. நண்பர்களோடு புளியங்கொட்டையை வைத்து ஆடினாலே இந்த ஆட்டம் கற்றுக்கொடுக்கிற அத்தனையும் கிடைக்கும். வீட்டு வாடகையை வைத்து ஆடுகிறவருக்கு மேலே சொன்ன எந்த முறையும் உதவாது. அவருக்கு வேண்டியது மருத்துவ உதவியும் கூட இருக்க ஓர் ஆளும்.

மறுபடி லாஸ் வேகாஸ். அந்த மடிப்புக்குப் பிறகு அதிக நேரம் ஆட்டம் நீளவில்லை. கடைசி ஆட்டத்தில் ஃபார்ஹா கையில் ஆட்டின் ஜாக்கியும் டைமன் பத்தும். மணிமேக்கர் கையில் டைமன் ஐந்து, இஸ்பேடு நான்கு. ஃப்ளாப்பில் இஸ்பேடு ஜாக்கி, இஸ்பேடு ஐந்து, கிளாவர் நான்கு. ஃபார்ஹாவுக்கு மேசையின் பெரிய ஜோடி. மணிமேக்கருக்கு இரண்டு ஜோடி. ஃபார்ஹா ஆல்-இன், மணிமேக்கர் யோசிக்காமல் கால். டர்னில் டைமன் எட்டு, ரிவரில் ஆட்டின் ஐந்து. ஃபுல் ஹவுஸ். முடிந்தது.

ஃபார்ஹா டில்ட் ஆகித்தான் அங்கே எல்லாவற்றையும் தள்ளினார் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். முன்பு மடித்ததற்குப் பதிலாக இப்போது மடிக்க மறுத்தார் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இருவர் மட்டுமே ஆடும்போது, மேசையில் இரண்டு இஸ்பேடு கிடக்க, பெரிய ஜோடியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வைப்பது சாதாரண ஆட்டம். எதிராளிக்கு ஐந்தும் நான்கும் சேர்ந்து அமைந்திருக்கும் என்று யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். இது ஐவியின் ஆட்டத்தைச் சேர்ந்த வகை, தன் கையில் இல்லாதது. முன்னால் மடித்தது மட்டும்தான் அவருடையது. அந்த ஆட்டத்துக்குப் பிறகும் அவர் நொறுங்கிப் போய்விடவில்லை. 2006இலும் 2010இலும் இதே தொடரில் மறுபடி பட்டம் ஜெயித்தார், இரண்டும் போக்கரின் இன்னொரு வகையான ஒமாஹா ஆட்டத்தில்.